ஆள் வராத கணக்கு

கடை வைத்திருப்பவனுக்குக் கடன் என்பது அன்றாட விஷயம். கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், எத்தனை வெள்ளி என்று மூன்றையும் எழுதி வைத்துவிட்டால் கணக்கு நேராகிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் கொடுக்க வேண்டியவராக நாம் இருக்க, வாங்கிக்கொள்ள வேண்டியவர் திரும்பி வராமலே போய்விட்டால் அந்தக் கணக்கு என்ன ஆகும்? ஆளோடு கடனும் போய்விடுமா? கைவிடப்பட்ட ஒரு ரயில் பாதை வழியே மலைக்காட்டில் நடந்து சென்றபோது இந்தக் கேள்வி நம்மைப் பிடித்துக் கொண்டது. நாம் பெரிய படிப்புப் படித்தவரல்லர். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததுமே நம்முடைய கைமுதல். குறையிருந்தால் அன்பர்கள் பொறுத்துத் திருத்துக.

நமது கடை நெகிரி செம்பிலானில், பகாவ் பக்கத்துத் தோட்டப்புறத்தில் இருக்கிறது. பாட்டனார் காலத்திலிருந்து நடந்து வருகிறது. அவர் காலத்தில் பகாவிலிருந்து கோலப்பிலாவுக்கு ஒரு கிளை ரயில் ஓடிற்று. ஜப்பானியர் ஆண்ட காலத்தில் அதன் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துக் கொண்டு போனார்கள். தம்பினுக்கும் மலாக்காவுக்கும் இடையே 1905-ல் திறக்கப்பட்ட பாதைக்கும் அதே கதிதான். யுத்தம் முடிந்த பிறகும் இவ்விரண்டையும் யாரும் திரும்பப் போடவில்லை. பெயர்த்த இரும்பு சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே அவர்கள் போட்ட புதிய பாதைக்குப் போயிற்று. அதற்கு முன்னும் பின்னுமாக இதே தோட்டங்களிலிருந்து ஆட்களும் போனார்கள்.

சென்ற ஆண்டு ஒருநாள் தங்கை மகன் கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் தென்கோடிப் பாலைவனத்தில், கோட் கேன்யன் என்ற மலையிடுக்கில் நிற்கும் மரப்பாலம் அது. 1932-ல் ஒரு சுரங்கப் பாதை இடிந்துபோனதால், பாதையைத் திருப்பிவிட்டு அடுத்த ஆண்டு அதைக் கட்டி முடித்தார்களாம். உயரம் 180 அடிக்கு மேல். பகல் வெயிலுக்கும் இரவுக் குளிருக்கும் இரும்பு தாங்காது என்று மரத்தாலேயே எழுப்பினார்களாம். இப்போது அதன்மேல் ரயில் ஓடுவதில்லை. ஆனாலும் அதைக் கண்ணால் பார்ப்பதற்கென்றே தண்ணீரைச் சுமந்துகொண்டு, கல்லிலும் முள்ளிலும் மணிக்கணக்கில் நடந்து போகிறார்கள்.

"மாமா, சும்மா ஒரு பாலத்தைப் பார்க்கவே இத்தனை பேர் பாடுபட்டுப் போறாங்களே. நம்ம ஊர்த் தண்டவாளம் போன இடத்தை நாம பார்க்க வேண்டாமா?" என்று கேட்டான் பையன். நம்மிடம் பதில் இல்லை. பள்ளி விடுமுறையில் நாங்கள் நாலு பேர் சிரம்பானில் ரயிலேறினோம். பாடாங் பெசாரில் எல்லையைக் கடந்து காஞ்சனபுரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அந்தப் பாதையின் விவரத்தை இளைஞர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். நீளம் 415 கிலோமீட்டர். 1942-ன் நடுப்பகுதியில் தொடங்கி 1943 அக்டோபர் 17-ந் தேதி இரு முனைகளையும் இணைத்துவிட்டார்கள். யுத்தக் கைதிகளாகப் பிடிபட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் வேலை செய்தார்கள். பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர், ஜாவாக்காரர், பர்மியர் என்று நம்மவர் சுமார் 1,80,000 பேர் என்றும், அவர்களில் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றும் மதிப்பிடுகிறார்கள். மதிப்பீடுதான், கணக்கு அல்ல. முதலில் நல்ல சம்பளம், சில மாதத்தில் திரும்பி விடலாம் என்று ஆசை காட்டினார்கள். பிறகு பலவந்தமாகவே பிடித்துப் போனார்கள். கைதிகளுக்காவது கூடவே டாக்டரும் அதிகாரியும் இருந்தனர். தோட்டத்து ஜனங்களுக்கு அதுவும் இல்லை. காலரா, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, ஆறாத புண், பட்டினி ஆகிய ஐந்தும் சேர்ந்து லயம் லயமாக வாரிக்கொண்டு போயின.

இன்று சயாம் ரயில் நாம் தோக் என்ற ஊரோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் தண்டவாளம் கிடையாது. அங்கிருந்து ஏறக்குறைய 18 கிலோமீட்டரில், வெள்ளைக்காரக் கைதிகள் நரக நெருப்புக் கணவாய் என்று பெயரிட்ட இடம் இருக்கிறது. ஆஸ்திரேலிய அரசாங்கம் 1998-ல் அங்கே ஒரு காட்சிசாலை கட்டி, நடைபாதையும் சீர்படுத்தி வைத்திருக்கிறது. மூங்கில் காட்டினூடே படியிறங்கினால், சம்மட்டியும் உளியும் கொண்டு மனிதர் பிளந்த பாறை இருபுறமும் சுவராக நிற்கிறது. காலடியில் சரளைக்கல் அப்படியே கிடக்கிறது. காலை வேளையிலேயே வியர்வை வழிந்தது. நமக்கோ கையில் தண்ணீர்ப் போத்தலும் காலில் சப்பாத்தும் இருந்தன.

இன்னும் நடந்தால் ஹிந்தொக் பள்ளத்தாக்கு. அங்கே பள்ளத்தைக் கடக்கப் பச்சை மரத்தால் பாலங்கள் கட்டினார்கள். அவற்றில் ஒன்று கட்டும்போதே மூன்று முறை சரிந்து விழுந்ததால் கைதிகள் அதற்குச் சீட்டுக்கட்டுப் பாலம் என்று பெயர் வைத்தார்கள். இன்று அந்தப் பாலம் இல்லை. காடு தன் இடத்தை எடுத்துக் கொண்டது. பையன் படம் பிடிக்கக் கைப்பேசியை உயர்த்தினான். பிறகு என்ன நினைத்தானோ, பிடிக்காமலே பையில் போட்டுக் கொண்டான்.

பாழடைந்த இடங்களைப் பார்க்கப் போவது வேடிக்கையா, கடமையா என்று அப்போது யோசித்தோம். வேடிக்கையாகப் போவதில் குற்றமில்லை. கலிபோர்னியாவில் மலையேறுகிறவர் மனிதனின் கைத்திறனைக் கண்டு வியக்கிறார், அது நல்லதே. ஆனால் பார்த்து வந்தவர் சாட்சியாகி விடுகிறார். சாட்சிக்கு ஒரு பொறுப்பு உண்டு. தனக்குத் தெரிந்ததை அவர் மறைக்கலாகாது.

காஞ்சனபுரி நகரில் யுத்தக் கைதிகளின் மையவாடியில் ஏறக்குறைய 7,000 சமாதிகள் வரிசையாக இருக்கின்றன. மிகப் பலவற்றில் பெயரும் வயதும் படைப்பிரிவும் பொறித்திருக்கின்றன. நம்மவர்க்கு அப்படி ஒரு வரிசை எங்கும் இல்லை. ஆற்றங்கரையில், இரும்புப் பாலத்துக்கு அருகே, 1944-ல் ஜப்பானிய ராணுவமே எழுப்பிய நினைவுத் தூண் ஒன்று இருக்கிறது. அதில் பல மொழிக் கல்வெட்டுக்களோடு தமிழிலும் உண்டு. வேலை வாங்கிச் சாகவிட்டவர்கள் இறந்தவர்க்குத் தமிழில் அஞ்சலி எழுதி வைத்தார்கள். ஆனால் இறந்த தமிழர் ஒருவரின் பெயரைக்கூட அந்தத் தூணில் நாம் காணவில்லை.

அந்த இடத்தில்தான் நமது கடையின் பழைய பேரேடு நினைவுக்கு வந்தது. பாட்டனார் கையெழுத்தில் ஒரு பக்கம். சயாமுக்குப் புறப்பட்ட ஏழு தொழிலாளர்கள், திரும்பி வந்து வாங்கிக் கொள்வதாகச் சொல்லி அவரிடம் பணம் ஒப்படைத்திருக்கிறார்கள். பெயர், லயத்தின் எண், தேதி, தொகை எல்லாம் இருக்கின்றன. இரண்டு பெயர்களுக்கு நேரே, "வந்தார், அரிசியாகக் கொடுத்தாகிவிட்டது" என்ற குறிப்பு. மற்ற ஐந்துக்கு நேரே ஒன்றுமில்லை. கோடு கிழித்து அடிக்கவும் இல்லை.

அன்பர்களே, அந்தப் பணம் ஜப்பானியர் அடித்த வாழைமர நோட்டு. 1945-ல் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அது வெறும் காகிதமாயிற்று. சட்டப்படி பாட்டனார் யாருக்கும் ஒரு காசும் தர வேண்டியதில்லை. ஆனாலும் திரும்பி வந்த இருவருக்கும் அரிசி அளந்திருக்கிறார். காசு செத்தாலும் அமானத் சாகாது என்பது அவர் எண்ணம் போலும். அந்த ஏழு பேரும் நம் மார்க்கத்தவர் அல்லர். அமானத்துக்கு மார்க்கம் கேட்பதில்லை.

உரியவரைத் தேடியும் கிடைக்காவிட்டால் அவர் பேரில் தர்மம் செய்துவிடலாம் என்று ஆலிம்கள் சொல்வர். வாப்பாவும் அப்படியே ஐவர் பேரிலும் ஆண்டுதோறும் அரிசி கொடுத்தார். நாமும் கொடுத்து வருகிறோம். இதோடு தீர்ந்தது என்றே எண்ணியிருந்தோம். அந்தத் தூணின் முன் நின்ற பிறகுதான் ஒன்று புரிந்தது. நாம் தேடவே இல்லை. தர்மம் பணத்துக்கு ஈடாகும், பெயருக்கு ஈடாகாது. எந்தக் கல்லிலும் இல்லாத ஐந்து பெயர்களை 80 ஆண்டுகளாக நம் கடை மேஜையில் பூட்டி வைத்திருந்தோம்!

ஊர் திரும்பியதும் அந்தப் பக்கத்தைப் படியெடுத்துத் தோட்டத்துக் கோயிலிலும் பள்ளியிலும் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து எண்பது கடந்த ஒரு மூதாட்டி பேரன் துணையோடு கடைக்கு வந்தார். ஐந்தில் ஒன்று அவர் தகப்பனார் பெயர். உரிய அரிசியை அளந்து வைத்தோம். "அரிசி இருக்கட்டும் தம்பி. அப்பா செத்த நாள் தெரியாம இத்தனை வருஷமா நாங்க திதியே கொடுத்ததில்லை. அவர் புறப்பட்ட தேதியைத் தமிழ்ல எழுதிக் கொடுங்க. அந்த நாள்லேயே கொடுத்திடுறோம்" என்றார். எழுதிக் கொடுத்தோம். அந்தப் பெயருக்கு நேரே முதல் முறையாக ஒரு குறிப்பும் எழுதினோம்.

பழையதைக் கிளறி என்ன பயன் என்று கேட்பவர் உண்டு. பழி வாங்குவதற்காக நாம் கிளறவில்லை. ஜப்பானியரின் பேரப்பிள்ளைகளோடு நமக்கு வழக்கில்லை. நம்மிடம் இருப்பது பிறருடையதாயின் அதை ஒப்படைத்துவிட வேண்டும் என்பதே நம் வாதம்.

ஆகையால் தோட்டப்புறங்களில் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டன்மார் காலத்துப் பற்றுப் புத்தகம், பேரேடு, அடகுச் சீட்டு எதுவானாலும் கறையான் அரிக்கும் முன் எடுத்துப் பாருங்கள். 1942, 1943-ல் திடீரென்று நின்றுபோன கணக்குகள் இருந்தால் அந்தப் பெயர்களைப் படியெடுத்து அந்தந்தத் தோட்டத்தாரிடம் கொடுங்கள். செலவு ஒன்றுமில்லை. நமது பேரேட்டில் இன்னும் நான்கு பெயர்கள் பாக்கி இருக்கின்றன. உரியவர் வரும்வரை அந்தப் பக்கத்தை நாம் மூடுவதாக இல்லை. அந்தக் கடனைத் தீர்த்துவைக்க அல்லாஹ் நமக்கு அவகாசம் தருவானாக.