ஈரக் கையும் தொடுதிரையும்

தொடுதிரை என்கிறோம், தீண்டுதிரை என்பதில்லை. பாம்புக்கும் சாதிக்கும் கொடுத்துப் பழகிய சொல்லை ஒரு புதுப் பொருளுக்கு வைக்க எவருக்கும் மனம் வரவில்லைப் போலும். கண்ணாடிக்குச் சாதி தெரியாது, யார் தொட்டாலும் ஒன்றுதான் என்று நண்பர்கள் சொல்வார்கள். எங்களுக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை.

இதன் கதை விமானங்களோடு தொடங்குகிறது. 1965இல் இங்கிலாந்தின் மோல்வேர்னில், அரச றேடார் ஆய்வுநிலையத்தைச் சேர்ந்த ஈ. ஏ. ஜோன்சன் விரல் பட்டால் அறியும் திரையைப் பற்றி எழுதினார். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறவர்களை மனதில் வைத்துச் செய்தது அது. 1970களில் ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடத்தில், டென்மார்க்கைச் சேர்ந்த பென்ற் ஸ்ரும்ப, துகள்முடுக்கி ஒன்றின் கட்டுப்பாட்டு அறைக்கு 16 தொடுபொத்தான்கள் கொண்ட திரையைச் செய்தார். ஏராளமான ஆளிகளின் வேலையை அது பார்த்தது. இரண்டுமே கதிரையில் அமர்ந்திருக்கும், பயிற்சி பெற்ற, காய்ந்த கைகளுக்கானவை. அதில் பிழையில்லை. யாருடைய கை என்று தெரிந்துதான் செய்தார்கள்.

1986இல் அமெரிக்காவில் ஜீன் மோஷர் அற்றாரி கணினியில் இயங்கும் தொடுதிரையை உணவகங்களுக்குக் கொண்டுவந்தார். கணினி பழகாதவரும் அதில் ஓடர் எடுக்கலாம். அன்றிலிருந்து இது எங்கள் கதையும்தான்.

தொடுதிரைகளில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, அழுத்தினால் மேல் தகடு கீழ்த் தகட்டில் முட்டுவது. விரலோ, நகமோ, கையுறையோ, அகப்பைக் காம்போ, எது அழுத்தினாலும் அதற்குச் சரி. மற்றது உடம்பின் மின் இயல்பை உணர்வது. அதற்கு வெறும் தோல் வேண்டும். இறப்பர் கையுறை அதை மறைத்துவிடும். தண்ணீர் சிந்தினால் அதையும் விரலென்று எண்ணிக் குழம்பும். 2007இல் ஐபோன் வந்தபின் இந்த இரண்டாவது வகையே எங்கும் பரவியது. வேடிக்கை என்னவென்றால், அந்த நுட்பத்தின் ஒரு பகுதி நோவெடுத்த கையிலிருந்து பிறந்தது. டெலவெயார் பல்கலைக்கழக ஆய்வுமாணவர் வெய்ன் வெஸ்ரர்மனுக்குத் தட்டெழுதித் தட்டெழுதிக் கை நோ. அழுத்தாமல் தொட்டாலே போதும் என்றொரு பரப்பை அவர் தேடினார். ஜோன் எலியாசோடு சேர்ந்து 1998இல் அவர் தொடங்கிய நிறுவனத்தை 2005இல் அப்பிள் வாங்கியது.

ஒக்லன்ட் சமையலறைகளில் எங்கள் கைகளும் நோவெடுத்தவைதான். கூடவே ஈரமானவை, மாப்பிடித்தவை, கையுறை போட்டவை. திரை அசையாவிட்டால், 'கையைத் துடைச்சுப்போட்டுத் தொடுங்கோ அண்ணை' என்கிறார்கள். கையும் கண்ணாடியும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான். இதில் திருந்தவேண்டியது கைதான் என்று முடிவெடுத்தது யார்?

யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒருகாலம் சிலருக்கு மூக்குப்பேணி, சிலருக்குச் சிரட்டை. 1957இல் அதற்கெதிராகச் சட்டம் வந்தது. ஆனாலும் 1960களில் கடைக்குள் இருந்து தேநீர் குடிக்கவும், 1968இல் மாவிட்டபுரம் கோவிலுக்குள் நுழையவும் ஆட்கள் போராடவேண்டியிருந்தது. கடையின் வழக்கத்தில் அல்ல, அவர்களின் கையில்தான் குறை என்றார்கள். இதையும் திரையையும் ஒன்றாக வைப்பது அதிகப்பிரசங்கம் என்பது எங்களுக்கும் தெரியும். அது இழிவு, அறிந்தே செய்தது. இது மறதி. திரையை வரைந்தவருக்கு எங்கள்மேல் ஒரு வன்மமும் இல்லை, எங்களை அவர் நினைக்கவே இல்லை. நினைக்காமல் விடுவது குற்றமாகுமா? ஒருவரைக் கணக்கில் எடுக்காமல் ஒரு பொருளைச் செய்து, பிறகு அதை அவர் முன்னால் வைத்து 'இதைக்கொண்டுதான் வேலை செய்' என்றால், அந்த இடத்தில் மறதி மறதியாக நிற்பதில்லை என்றே நாம் நினைக்கிறோம்.

அதுவும் மருந்து இல்லாத நோயல்ல. ஈரக் கையாலும் கையுறையோடும் அமத்தக்கூடிய, தண்ணீர் புகாத தடித்த பொத்தான்கள் கொண்ட பட்டையொன்றைச் சமையலறைத் திரைகளுக்கென்றே செய்கிறார்கள். பல இடங்களில் அது திரையோடு சேர்ந்து வருவதில்லை. தனியாகக் காசு கொடுத்து வாங்கவேண்டும். வாங்குவதா இல்லையா என்று தீர்மானிக்கிறவர் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பதில்லை.