குறைந்த வரி யாருடைய பணம்?

2025 செப்டம்பர் 22ஆம் தேதி முதல் இந்தியாவில் ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய், குளியல் சோப்பு, பிஸ்கட் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. கணக்கு எளிது. வரியோடு 118 ரூபாய்க்கு விற்ற பொருள், இனி 105 ரூபாய். நடுவில் நிற்கும் அந்த 13 ரூபாய் யாருக்குச் சேர வேண்டும்? வாங்குகிறவருக்குத்தான் என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் நாணயமான வணிகர்களே அதற்கு எதிராகச் சில நியாயங்களை முன்வைக்கிறார்கள். அவற்றைக் கேட்காமல் தீர்ப்பு எழுதுவது முறையல்ல.

விலை வைப்பது விற்பவரின் உரிமை என்பது முதல் நியாயம். கடை வாடகை ஏறுகிறது, கூலி ஏறுகிறது, சரக்கு வண்டி வாடகை ஏறுகிறது. போட்டிக்குப் பயந்து அதையெல்லாம் விலையில் ஏற்றாமல் பொறுத்துக்கொண்டவர், வரி குறையும்போது கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்வது குற்றமா? இரண்டாவது நியாயம் இன்னும் கூர்மையானது. வரி கூடியபோது அதில் ஒரு பங்கைத் தன் லாபத்தில் தாங்கிக்கொண்டவர், குறையும்போது மட்டும் முழுவதையும் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

நடந்தவற்றைப் பார்த்தால் இந்த இரண்டாவது நியாயம் தளர்ந்துபோகிறது. பின்லாந்து 2007இல் முடிதிருத்தகங்களின் வரியை 14 சதவீதப் புள்ளிகள் குறைத்தது. 2012இல் அதே அளவு கூட்டியது. பொருளியல் ஆய்வாளர்கள் இரண்டு காலத்தின் விலைகளையும் ஒப்பிட்டார்கள். வரி குறைந்தபோது விலை இறங்கியதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு, வரி கூடியபோது விலை ஏறியிருந்தது. பிரான்சு 2009 ஜூலையில் உணவகங்களின் வரியை 19.6 சதவீதத்திலிருந்து 5.5 ஆகக் குறைத்தது. விலையைக் குறைப்போம், ஆள் சேர்ப்போம் என்று உணவகச் சங்கங்கள் அரசுக்கு வாக்குக் கொடுத்திருந்தன. சாப்பிடப் போனவர்களுக்கு விலையில் கிடைத்தது சொற்பம். பெரும்பங்கு உரிமையாளர்களிடமே தங்கியது. கூடும்போது வாங்குபவர் தலையில், குறையும்போது விற்பவர் பையில் என்பது எந்த ஒரு நாட்டின் குணமும் இல்லை. கேட்க ஆளில்லாத இடத்திலெல்லாம் அப்படித்தான் நடக்கிறது.

முதல் நியாயத்தை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. விலை வைக்கும் உரிமை வணிகருக்கு உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால் வரி விலையின் ஒரு பகுதி அல்ல. கல்யாண வீட்டில் மொய் எழுதுபவரின் கையில் நாளெல்லாம் பணம் புரளும். அதில் ஒரு ரூபாய்கூட அவருடையது இல்லை. வரியைப் பொறுத்தவரை கடைக்காரரின் இடமும் அதுவே. வாங்குபவர் கொடுத்ததை அரசுக்குச் சேர்ப்பவர் அவர். அந்தத் தொகையின் ஒரு பகுதியை இனி வேண்டாம் என்று அரசு விட்டுவிட்டால், அது கொடுத்தவரிடம்தான் திரும்ப வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2025இன் இந்தக் குறைப்பால் ஆண்டுக்குச் சுமார் 48,000 கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று மத்திய அரசே மதிப்பிட்டது. பள்ளிக்கும் சாலைக்கும் மருத்துவமனைக்கும் போகக்கூடிய பணம் அது. பொதுமக்கள் சுமை குறையட்டும் என்று பொதுப்பணத்திலிருந்து விட்டுக்கொடுத்ததை ஒருவர் நடுவில் நிறுத்திக்கொண்டால், கருவூலத்துக்கும் இழப்பு, வாங்குபவருக்கும் இழப்பு. சாதாரண விலையேற்றத்தைவிட இது கனமான தவறு. செலவு கூடிவிட்டது என்றால் விலையை ஏற்றலாம். ஆனால் ஏற்றுகிறேன் என்று தெரியும்படி ஏற்ற வேண்டும். வரி இறங்கிய அதே நாளில் அடிப்படை விலையை உயர்த்தி, பில்லின் அடியில் பழைய தொகையே வரும்படி செய்வதில் ஒளிவு இருக்கிறது. அங்கேதான் உரிமை முடிந்து ஏமாற்று தொடங்குகிறது.

2017 நவம்பரில் உணவகங்களின் ஜி.எஸ்.டி. 5 சதவீதமானபோது பல உணவகங்களின் விலைப்பட்டியல் அப்படித்தான் மாறியது. ஆனால் அதில் ஒரு பாதி நியாயம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வரியைக் குறைத்த கையோடு, கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவை அரசு எடுத்துவிட்டது. அந்த இழப்பின் அளவுக்கு விலை ஏறியதைக் குறை சொல்ல முடியாது. அதற்கு மேல் ஏறியதைத்தான் கேட்க வேண்டும்.

எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்துவதும் அநீதி. தெருமுனை அண்ணாச்சி கடையை எடுத்துக்கொள்வோம். ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருந்தால் அவர் ஜி.எஸ்.டி. பதிவே செய்திருக்க மாட்டார். இணக்க வரித் திட்டத்தில் இருக்கும் சிறு கடைக்காரருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. இவர்கள் 18 சதவீத வரி கொடுத்து வாங்கி அடுக்கிய பழைய ஸ்டாக்கை மறுநாளே புதிய விலைக்கு விற்றால், வித்தியாசம் முழுக்கக் கைநட்டம். ஏஜென்சிக்காரர் அந்தத் தொகையைத் திருப்பித் தந்தால் ஒழிய, பழைய சரக்கு தீரும்வரை பழைய விலைக்கு விற்பவரைக் கொள்ளைக்காரர் என்று ஏசுவது தகாது. புதிய சரக்கு வந்த பிறகும் அதே விலை என்றால் கதை வேறு.

எம்.ஆர்.பி.யை அச்சிடும் நிறுவனத்துக்கு இந்தச் சாக்கு எதுவும் கிடையாது. விலையை வைப்பது அது, வரி வரவை எடுப்பது அது, இழப்பை ஈடுகட்டி விநியோகஸ்தருக்கு வரவுக் குறிப்பு அனுப்பும் வசதியும் அதனிடமே. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 171ஆம் பிரிவு, வரிக் குறைப்பின் பயனை அதற்கேற்ற விலைக் குறைப்பாக வாங்குபவரிடம் சேர்க்க வேண்டும் என்கிறது. அதன்கீழ் இயங்கிய தேசிய கொள்ளை லாபத் தடுப்பு ஆணையம், இந்துஸ்தான் யூனிலீவர் 383 கோடி ரூபாயை அப்படிச் சேர்க்கவில்லை என்று 2018 டிசம்பரில் முடிவு கூறியது. நிறுவனம் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. 171ஆம் பிரிவு அரசியல் சட்டப்படி செல்லும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

விலையைக் குறைக்காமல் எடையைக் கூட்டிக் கொடுத்தால் போதாதா என்ற கேள்வியும் உண்டு. போதாது, விலைதான் இறங்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2025 செப்டம்பரில் கூறியது. பெரிய பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் இது முழுக்கச் சரி. கேட்காத கூடுதல் அளவைத் திணிப்பது விலைக் குறைப்பு ஆகாது. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டுக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று தோன்றுகிறது. கணக்குப்படி அது 4 ரூபாய் 45 காசு. 25 காசும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூனோடு போய்விட்டன. மீதி 55 காசை எந்தக் கடையில் கொடுப்பார்கள்? அங்கே எட்டில் ஒரு பங்கு எடையைக் கூட்டி, அதைப் பாக்கெட்டில் பளிச்சென்று அச்சிட்டால் ஏழைக் குழந்தையின் கைக்கு அது முழுதாகச் சேரும்.

இத்தனை ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு அரசு செய்ததுதான் மனத்தை உறுத்துகிறது. கொள்ளை லாபத் தடுப்பு ஆணையம் 2022 நவம்பரோடு முடிந்தது. பொறுப்பு இந்தியப் போட்டி ஆணையத்துக்கும், பிறகு ஜி.எஸ்.டி. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் மாறியது. 2025 ஏப்ரல் 1 முதல் புதிய புகார்களை ஏற்பதில்லை என்று அறிவித்தார்கள். அதற்கு ஆறு மாதத்துக்குள், ஜி.எஸ்.டி. வரலாற்றிலேயே பெரிய குறைப்பு வந்தது. எஞ்சியிருந்தது 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும், நிறுவனங்களின் மனசாட்சியும்தான். மனசாட்சிப்படி நடந்த நிறுவனத்துக்கும் இதில் அநீதி இருக்கிறது. விலையைக் குறைத்த அதன் பக்கத்திலேயே, குறைக்காத போட்டியாளர் கூடுதல் லாபத்தோடு நிற்கிறார்.

171ஆம் பிரிவு சட்டப் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. அதன்கீழ் புகார் வாங்கும் கதவை அரசு மீண்டும் திறக்க வேண்டும், எம்.ஆர்.பி. அச்சிடும் பெரிய நிறுவனங்களிலிருந்து விசாரணையைத் தொடங்க வேண்டும். அதுவரை வாங்குகிறவர்கள் பழைய பில்லையும் புதிய பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அடிப்படை விலை ஏன் ஏறியது என்று கேட்கட்டும்.