நெருப்பின் கணக்கு

நம்பிக்கை வேறு, உண்மை வேறு. முன்னதைப் பின்னதென்று பறைசாற்ற நமக்கு உரிமை உண்டா? பரிதியின் நெருப்பை மண்ணில் மூட்ட முனைந்தோரின் வரலாறு இவ்வினாவைச் சிந்திக்கத் தூண்டுகிறது.

கன ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணையும்போது பேராற்றல் பிறக்கிறது. அதற்குப் பல கோடி பாகை வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தில் வாயு, மின்னூட்டம் பெற்ற பிளாஸ்மாவாகிறது. அதனூடே பெரும் மின்னோட்டத்தைச் செலுத்தினால், அம்மின்னோட்டத்தின் காந்தப் புலமே அதைக் கயிறுபோல் இறுக்கும். ஆனால் அக்கயிறு இம்மியளவு வளைந்தாலும், வளைவின் உட்புறம் புலம் வலுத்து, வளைவை மேலும் வளர்க்கும். நொடியின் சிறு கூறுக்குள் பிளாஸ்மா சுவரில் மோதிக் குளிர்ந்துவிடும்.

1958 ஜனவரியில் இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வுக்கூடத்தார், தங்கள் ‘ஸீட்டா’ பொறியில் நியூட்ரான்கள் தோன்றியதை அறிவித்தனர். அவை அணுக்கரு இணைவால் விளைந்தவை என்பதில் தமக்கு 90 விழுக்காடு உறுதி என்றார், அதன் தலைவர் சர் ஜான் காக்ராஃப்ட். உலகம் ஆரவாரித்தது. சில திங்களில் மயக்கம் தெளிந்தது. பிளாஸ்மாவின் குலைவே சில துகள்களை முடுக்கி அந்நியூட்ரான்களைப் பிறப்பித்திருந்தது. தோல்வியே வெற்றியின் வேடம் புனைந்திருந்தது! அதனை அளந்து கண்டவரும் ஹார்வெல்லைச் சேர்ந்தவரே. மே மாதத்தில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றனர்.

பின்னர், தங்கள் ‘டோகமாக்’ பொறியில் ஏறத்தாழ 1 கோடி பாகை வெப்பத்தை எட்டியதாகச் சோவியத் அறிஞர் கூறியபோது, பிறர் ஐயுற்றனர். அவர்களோ சினங்கொள்ளாது ஆங்கிலேய அறிஞரையே அழைத்தனர். 1969-இல் லேசர் கருவியுடன் மாஸ்கோ சென்றவர்கள், அளந்து, உண்மையே என்றனர். பனிப்போர்க் காலத்தில் நிகழ்ந்த அருஞ்செயல் இது.

2022 டிசம்பர் 5-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில், கடுகினும் சற்றே பெரிய எரிபொருள் உருண்டையை 192 லேசர் கதிர்களின் ஆற்றலால் எப்புறமும் ஒருசேர நெருக்கினர். இலக்கை அடைந்த லேசர் ஆற்றல் 2.05 மெகாஜூல், விளைந்தது 3.15 மெகாஜூல். மெய்யான வெற்றிதான். எனினும் அந்த லேசர்களை இயக்க ஏறத்தாழ 300 மெகாஜூல் மின்னாற்றல் செலவாயிற்று. முதற்கணக்கில் ஆதாயம், முழுக்கணக்கில் பெருநட்டம். இரண்டும் பொய்யல்ல. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பதே பொய்.

பேரேடுகளோடு வாழும் நம்மனோர்க்கு இது புதிதன்று. கோட்டை எங்கே கிழிக்கிறோம் என்பதில்தான் கணக்கின் அறம் அடங்கியுள்ளது. பிழைப்புத் தேடி நெடுந்தொலைவு வந்த நாமும், ஊருக்குச் செய்தி சொல்லும்போது வரவை மட்டும் சொல்லிச் செலவை மறைப்பதுண்டு. பெற்றோர் வருந்தலாகாதே என்னும் அன்பே அதற்குக் காரணம். ஆயினும் அதை நம்பி நாளை ஓர் இளைஞன் வண்டி ஏறினால், அந்த மறைப்பின் விலையை அவனன்றோ தருவான்?

நம்பிக்கையைத் துறக்க வேண்டுவதில்லை. 90 விழுக்காட்டைச் சொல்வோம். எஞ்சிய பத்தையும் அதே குரலில் சொல்வோம். பிறர் அளக்க வந்தால் கதவைத் திறப்போம். பரிதி நெருப்பு என்று வீட்டு விளக்காகுமோ, நாம் அறியோம். அதுவரை கணக்கேனும் மாசற்றிருக்கட்டும்.