பூத்த பின்

பெர்ன் நகருக்கு வெளியே என் வீட்டுச் சுவரோரம் ஒரு கற்குவியல். அதன் இடுக்குகளில் செம்பர்விவம் வளர்க்கிறேன். ஆல்ப்ஸ் பாறைகளில் தானாக முளைக்கும் செடி. தாமரை மொட்டை அமுக்கி வைத்தாற்போல் சதைப்பற்றான இலையடுக்கு. முதல் வருடம் நானே கொன்றேன். யாழ்ப்பாணத்துக் கிணற்றடி வாழைக்கு நீர் விட்டுப் பழகிய கை சும்மா இருக்கவில்லை. அடியிலைகள் கூழாகின. மறுமுறை மண்ணில் பாதிக்குப் பாதி சரளை கலந்து நட்டேன். அதன்பின் செடி என்னை எதிர்பார்க்கவே இல்லை. வெயிலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவுக் குளிரில் திறந்து காற்றை வாங்கி வைத்துக்கொள்ளும் வகை அது.

பெயருக்கு லத்தீனில் ‘என்றும் உயிருள்ளது’ என்று பொருள். இது இருந்தால் இடி விழாது என்று நம்பி முன்பு கூரைகளில் வளர்த்தார்கள். ஏறக்குறைய 800ஆம் ஆண்டில், மன்னர் சார்லமேன் காலத்து ஆணை ஒன்று, தோட்டக்காரர் தம் வீட்டின்மேல் இதை வைத்திருக்க வேண்டும் என்கிறது.

போன கோடையில் நடுவிலிருந்த பெரிய செடி ஒரு சாண் தண்டு விட்டு, இளஞ்சிவப்பு நட்சத்திரங்களாகப் பூத்தது. பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“பூத்துவிட்டதா? இனிச் செத்துவிடும்” என்றார், பால் தீர்ந்துவிட்டது என்பதுபோல.

தண்டை வெட்டினால்? அதனாலும் பயனில்லையாம்.

வாழை நினைவு வந்தது. கல்யாண வாசலில் குலையோடு வெட்டிய வாழையைக் கட்டி, ‘வாழையடி வாழையாக’ என்று வாழ்த்துகிறோம். வாழ்த்துப் பெறுபவர் எந்த வாழை என்று யாரும் கேட்பதில்லை. அப்பா செத்தபோது உறவினர்களும் அந்தக் கணக்கில்தான் பேசினார்கள்: “நீ இருக்கிறாய்தானே, தம்பி.”

அந்த ஆறுதல் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்பதை இந்தச் செடிதான் காட்டியது. இதன் குட்டிகள் விதையில் பிறந்தவை அல்ல. தாயின் உடலே மெல்லிய தண்டாக நீண்டு வேரூன்றியவை. வாழைக்குட்டியும் தாயின் உடலிலிருந்து வருவதுதான். ஆகவே ‘என்றும் உயிருள்ளது’ செடிக்குப் பொய்யில்லை. நான் அப்பாவின் குட்டி அல்ல, வேறு ஆள். எந்தப் பாத்திக்கு எவ்வளவு நீர் என்று அவருக்குக் காலால் மிதித்தே தெரியும். அது அவரோடு போயிற்று. என் கையில் அழுகிய முதல் செடி அதற்குச் சாட்சி.

செப்டெம்பரில் தாய்ச்செடி காய்ந்தது. இழுத்ததும் வேரோடு வந்துவிட்டது. சுற்றிலும் ஏழு குட்டிகள். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குப் பள்ளம்; இன்னும் மூடவில்லை.