காட்சிக்கும் பங்கு உண்டு

ராமநாதபுரம் கடற்கரையில் இன்று வலையோடு செல்போனும் கடலுக்குப் போகிறது. கடலாடி வட்டத்து மூக்கையூரிலிருந்து வரும் ‘உங்கள் மீனவன்’ யூடியூப் சேனலுக்கு லட்சக்கணக்கான சந்தாதாரர்கள் இருக்கிறார்கள். பக்கத்து மாவட்டத்தில் ‘தூத்துக்குடி மீனவன்’ இருக்கிறது. இவர்களைப் பார்த்து பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் மண்டபத்திலும் இளைஞர்கள் கேமராவைக் கையில் எடுக்கிறார்கள். வலை இழுப்பது, மீன் ஏலம், கருவாடு காய்வது, அரிச்சல்முனையில் இரு கடல் சேர்வது என்று ஊரின் அன்றாடம் முழுவதும் காட்சியாகிறது. காட்சி பார்வையாகிறது, பார்வை பணமாகிறது. இதில் ஓர் அறக்கேள்வி எழுகிறது. கடலையும் அதை நம்பி வாழ்கிறவர்களையும் காட்டி ஒருவர் ஈட்டும் வருமானத்தில், காட்டப்பட்டவர்களுக்கு என்ன உரிமை? எல்லாவற்றையும் காட்டிவிடலாமா?

இந்தத் தொழிலின் நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்த இரண்டு மாதத்துக்கு ஒரு குடும்பத்துக்குக் கிடைத்துவந்த நிவாரணம் 5,000 ரூபாய். அதை 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். அதை வைத்து அரிசி வாங்கலாம். படகுக் கடனையோ பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தையோ அடைக்க முடியாது. மீனவர் பிள்ளை ஒருவர் தனக்குத் தெரிந்த கடலைப் பேசிச் சம்பாதித்தால் அது உழைப்பில் வந்த பணம். நெடுங்காலம் இந்தக் கடற்கரையின் கதையை வெளியூர்க்காரர்களே சொன்னார்கள்; மீனவர் அதில் பெரும்பாலும் புயலில் தவிப்பவராகவும் மறியல் செய்பவராகவும் மட்டுமே வந்தார். எந்த மீன் எந்த மாதத்தில் கரைக்கு நெருங்கும், எந்தக் காற்றுக்கு எந்த வலை என்று அவரே தன் வாயால் சொல்லும்போது, அந்த அறிவுக்கு உரிய மதிப்பு முதல்முறையாக ஊர் தாண்டிக் கிடைக்கிறது. இதைக் குறைத்துப் பேச யாருக்கும் தகுதியில்லை.

ஆனால் உழைப்பு யாருடையது என்பதை முழுதாகக் கணக்கிட வேண்டும். நீள வீடியோக்கள் வழியாக யூடியூபில் முழு விளம்பர வருமானம் பெற 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். நீள வீடியோக்களில் வரும் விளம்பரப் பணத்தில் 55 விழுக்காடு சேனல் உரிமையாளருக்கு, மீதி நிறுவனத்துக்கு. இந்தக் கணக்கில் இரண்டே பேர்தான் இருக்கிறார்கள். வலை இழுத்தவர் அதில் இல்லை. வெயிலில் குந்தி மீன் அறுத்த பெண்ணும் இல்லை. அவர்கள் இல்லாமல் ஒரு வீடியோவும் இல்லை என்பது மட்டும் உண்மை.

கடற்கரைக்குத் தெரிந்த கணக்கு வேறு. படகு கரை சேர்ந்ததும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழிக்கப்படும். மிச்சத்தில் படகுக்கும் வலைக்கும் எஞ்சினுக்கும் உரியது போக, போன ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. விகிதம் ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறும். ஆனால் கூட வந்தவனுக்குப் பங்கில்லை என்ற பேச்சு எந்தத் துறையிலும் எடுபடாது. சம்மாட்டி படகுக்குச் சொந்தக்காரர் என்பதால் பாடு, அதாவது கிடைத்த மீன், முழுவதும் அவருக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. கரைவலையில் கயிறு பிடித்தவருக்கும் உண்டு. பங்கு போக, வீட்டுக் கறிக்கு மீன் எடுத்துப்போகும் வழக்கமும் உண்டு. கடலில் ஆபத்தைச் சேர்ந்து சுமந்தவர்கள் வரவையும் சேர்ந்து அனுபவிக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

இந்தப் பங்கு முறையை வீடியோவுக்கும் நீட்டுவதே நியாயம். கேமரா, எடிட்டிங், டேட்டா செலவு கழித்து, சேனல் நடத்துபவரின் உழைப்புக்கு உரியதை எடுத்துக்கொண்டு, மீதியில் அந்த வீடியோவில் உழைத்தவர்களுக்கு ஒரு பங்கு வைப்பது கடினமான ஏற்பாடு அல்ல. ‘எனக்கே மாதம் சில ஆயிரம்தான் வருகிறது’ என்று சிறிய சேனல்காரர் சொல்லலாம். அது உண்மை. ஆனால் பங்கு என்பது சம்பளம் அல்ல. பாடு இல்லாத நாளில் படகிலும் யாருக்கும் பங்கு இல்லை. வரும்போது வருவதில் பங்கு என்பதுதான் பேச்சு. அது முன்கூட்டியே பேசப்பட வேண்டும். பணம் வந்த பிறகு மனம் மாறும்.

பங்கையும் தர்மத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தின் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டபோது முதலமைச்சர் நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. பாராட்டத்தக்க செயல். ஆனால் கொடை கொடுப்பவரின் மனதைப் பொறுத்தது. பங்கு வாங்குபவரின் உரிமையைப் பொறுத்தது. தீபாவளிக்குச் சேலை கொடுத்து அதையும் வீடியோ எடுத்துப் போடுகிறவர், கூட உழைத்தவருக்குரிய பங்கைக் கொடுத்தவர் ஆகமாட்டார். உரிமையாக வர வேண்டியதைக் கருணையாக மாற்றினால், வாங்குகிறவர் தலை குனிய வேண்டியிருக்கிறது.

பங்கோடு கடற்கரைக்கு இன்னொரு பழக்கமும் உண்டு: வரம்பு. பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று முறை வைத்தார்கள். சின்னப்பாலத்தில் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள், மாதத்தில் சில நாட்கள்தான் இறங்குவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய லட்சுமிக்கு அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு 2015-இல் விருது கொடுத்தது. எடுக்கக் கிடைப்பதையெல்லாம் எடுப்பதில்லை என்ற அந்த ஒழுங்கு, கேமராவுக்கும் பொருந்தும். காட்டக் கிடைப்பதையெல்லாம் காட்டலாகாது.

மீன் அடையும் பார்களை, அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளை, எடுத்துக்கொள்வோம். அவை இருக்கும் இடம் தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களும் சில ஊர்களும் காத்துவரும் அறிவு. ஜிபிஎஸ் திரை தெரியும்படி எடுத்த ஒரு வீடியோ அதை ஒரே நாளில் எல்லாருக்கும் கொடுத்துவிடும். நாளை அங்கே பெரிய படகுகள் வந்து நின்றால், பார்வை வாங்கியவருக்கு ஒரு நாள் வருமானம்; ஊருக்கு ஆண்டுக்கணக்கில் இழப்பு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அனுமதியின்றி இறங்கக் கூடாது. ‘யாரும் பார்க்காத தீவு’ என்ற தலைப்புக்காக அங்கே கால் வைப்பவர், தனக்குப் பின்னால் ஆயிரம் பேருக்கு வழி காட்டுகிறார். கடல் அட்டையும் கடல் குதிரையும் கடல் பசுவும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றைப் பிடித்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. தம்ப்நெயிலுக்காக ஒரு கடல் குதிரையைக் கையில் தூக்கிக் காட்டுவது வேடிக்கையாகத் தெரியலாம்; பார்க்கும் சிறுவனுக்கு அது அனுமதியாகப் படுகிறது.

மனிதர்களைக் காட்டுவதில் வரம்பு இன்னும் நுட்பமானது. பாசி எடுத்து நனைந்த துணியோடு கரையேறும் பெண், ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் முழுகி எழும் பக்தர், இவர்கள் பொது இடத்தில் இருக்கிறார்கள் என்பதாலேயே பொதுப்பொருள் ஆகிவிடவில்லை. கேட்டு, அவர் சரி என்ற பிறகு எடுப்பதே முறை. ‘கேட்டால் இயல்பு போய்விடும்’ என்பது எடுப்பவரின் வசதி. எடுக்கப்படுபவரின் மானத்துக்கு முன் அது நிற்காது.

துயரத்தை எடுப்பதில்தான் தீர்ப்புச் சொல்வது கடினம். இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துப்போன செய்தி வந்ததும், அந்த வீட்டு வாசலில் கேமரா போய் நிற்கிறது. போகவே கூடாது என்று சொல்லிவிட முடியாது. சிறையில் இருப்பவரின் மனைவி தன் குரல் கேட்கப்பட வேண்டும் என்று விரும்புகிறார். அந்த வீடியோ அதிகாரிகளின் காதுக்குப் போய்ச் சேரவும் கூடும். ஆகவே இங்கே கேட்க வேண்டியது, எடுக்கலாமா என்பதைவிட, எடுத்தது யாருக்கு உதவுகிறது என்பதுதான். எத்தனை பேர் பிடிபட்டார்கள், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, குடும்பம் என்ன கேட்கிறது என்று சொல்லும் வீடியோ அந்த வீட்டுக்குத் துணை. அழுகை முகத்தை மட்டும் நெருக்கத்தில் காட்டி, சோக இசை சேர்த்து ஓட விடுவது அந்த வீட்டுக்குச் செய்யும் அநியாயம். விளம்பரம் ஓடி அதில் பணம் வந்தால், அந்தப் பணம் முழுவதும் அந்த வீட்டுக்கே போக வேண்டும். இதில் பங்குப் பேச்சுக்கே இடமில்லை.

தனுஷ்கோடியும் இப்படித்தான். 1964 டிசம்பர் புயலில் ஒரு பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோன ஊர். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு, இடிந்த தேவாலயம் ரீல்ஸ் எடுக்கும் களமாகிவிட்டது. ‘பேய் ஊர்’, ‘ஆளில்லா ஊர்’ என்று தலைப்பு வைக்கிறார்கள். ஆனால் அங்கே குடிசை போட்டு, மீன் பிடித்து, சங்கும் பாசிமணியும் விற்று வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. இருக்கிறவரை இல்லையென்று சொல்லிப் பார்வை வாங்குவது பொய். தண்ணீருக்கும் பள்ளிக்கும் மின்சாரத்துக்கும் குரல் கொடுக்கும் ஓர் ஊருக்கு, நீ இல்லவே இல்லை என்று சொல்வதைவிடப் பெரிய தீங்கு என்ன செய்ய முடியும்?

சேனல் வளர்ந்ததும் விளம்பரதாரர் வருகிறார். விடுதி, மசாலா, கடன் செயலி, சூதாட்டச் செயலி என்று எதுவாகவும் இருக்கலாம். பணமோ இலவசத் தங்கலோ வாங்கியிருந்தால், பேசும் மொழியிலேயே அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டியது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் உண்டு. சட்டத்துக்குப் பயந்து சொல்வதைவிட, தன்னை நம்புகிறவர் தன் ஊர்க்காரர் போன்றவர் என்று எண்ணிச் சொல்வதே அறம். மீனவர் பேச்சில் நம்பிக்கை வைத்த ஒருவர் அந்த நம்பிக்கையால் கடனில் விழுந்தால், அவமானம் ஒரு சேனலோடு நிற்காது. கடற்கரைப் பேச்சு முழுவதன் மேலும் விழும்.

பார்வை எண்ணிக்கைக்கு அப்பாலும் பேச முடியும் என்பதற்கு இந்தக் கரையிலேயே சான்று இருக்கிறது. பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிய ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி, மீனவருக்காக மீனவர் பேச்சில் காற்றையும் அலையையும் கடல் பாதுகாப்பையும் சொல்லிவருகிறது. எல்லாரும் அப்படித் தொண்டாகவே நடத்த வேண்டும் என்பது நியாயமல்ல. வயிறு இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. ஆனால் கேட்பவருக்கு என்ன பயன் என்ற கேள்வியிலிருந்து தொடங்கியும் ஒரு குரல் ஊரில் இடம் பிடிக்கலாம் என்பதை அது நிறுவியிருக்கிறது.

பார்க்கிறவருக்கும் பொறுப்பு உண்டு. துயரத்தைச் சுரண்டும் வீடியோவை முழுதாகப் பார்த்துவிட்டுக் கண்டிப்பதால் பயனில்லை. பார்த்த நிமிடங்கள் ஏற்கெனவே பணமாகியிருக்கும். நேர்மையான சேனலைத் தேடிப் பார்ப்பதே பார்வையாளர் செய்யக்கூடிய நீதி.

கடலைக் காட்டிச் சம்பாதிப்பது குற்றமல்ல. உழைத்தவருக்குப் பங்கு கொடாமலும், வரம்பு பாராமலும் சம்பாதிப்பதே குற்றம். இவை இரண்டையும் வெளியிலிருந்து யாரும் வந்து கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. இந்தக் கரையின் தொழில் வழக்கிலேயே இருக்கின்றன. அடுத்த தடைக்காலத்தில் படகுகள் கரையில் நிற்கும்போது, ஒவ்வொரு ஊரிலும் சேனல் நடத்துகிற இளைஞர்களும், படகில் போகிறவர்களும், மீன் விற்கும் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்து, காட்சிக்கு என்ன பங்கு, எதற்கு என்ன வரம்பு என்று பேசி எழுதி வைக்கட்டும்.