உடம்பு இங்கே, மனசு சந்தையில்



கட்டளைகளில் முதன்மையானது எது என்று மறைநூல் அறிஞர் ஒருவர் இயேசுவிடம் கேட்டதை, மாற்கு நற்செய்தி 12ஆம் அதிகாரத்திலிருந்து இப்போதுதான் வாசித்தோம். இயேசு புதிதாக எதையும் தேடிச் சொல்லவில்லை. யூதர்கள் காலையும் மாலையும் சொல்லும் செபத்தின் தொடக்கத்தையே திருப்பிச் சொன்னார். அதற்கு ஷெமா என்று பெயர். ‘கேள்’ என்று அர்த்தம். இன்றும் அதன் முதல் வரியைச் சொல்லும்போது வலது கையால் கண்களை மூடிக்கொள்கிறார்கள். அந்த ஒரு வரி முடியும்வரையாவது கண் வேறெங்கும் மேயக்கூடாது என்பதற்காக.

நம் பெரியவர்கள் பாவசங்கீர்த்தனத்தில், “செபத்தில் பராக்குக்கு இடம் கொடுத்தேன், சாமி” என்பார்கள். பராக்குக்கு நேர் எதிரானதை யூதர்கள் கவானா என்கிறார்கள். குறி வைப்பது, ஒன்றை நோக்கித் திருப்புவது என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்த சொல்.

இன்றைய உக்ரைனில் பெர்திச்சேவ் என்று ஓர் ஊர். அந்தக் காலத்தில் சந்தைகளுக்குப் பேர்போனது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே ரபியாக இருந்த லேவி யிட்ஸ்சாக்கைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒருநாள் அமிதா என்ற, நின்றபடி மௌனமாய்ச் சொல்லும் செபம் முடிந்ததும், சில வியாபாரிகளிடம் நேரே போய், “வாங்க, வாங்க! பயணம் நல்லபடியாக முடிந்ததா?” என்று கை கொடுத்தாராம். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. “நாங்கள் எங்கும் போகவில்லையே ரபி, உங்கள் பக்கத்தில்தானே நின்றோம்?” “இவ்வளவு நேரமும் ஒருவர் தானியச் சந்தையில், இன்னொருவர் கம்பளிச் சந்தையில். இப்போதுதானே ஊர் திரும்பியிருக்கிறீர்கள், வரவேற்க வேண்டாமா?”

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் அடங்கியும் போயிற்று. போன திருவிழாத் திருப்பலியில் கைகளை விரித்து நின்றபடியே, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றினார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தவன்தான் நான்.

அதற்காகச் சந்தையையே விட்டு ஓடு என்று யூத மரபு சொல்லவில்லை. ஏறக்குறைய கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டநூல், செபத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் காத்திருந்து மனதை நேர்ப்படுத்திக்கொண்ட பழைய பக்திமான்களைப் பற்றிச் சொல்கிறது. அதே நூல் கூலிக்காரரையும் மறக்கவில்லை. மரத்தின்மேல் இருப்பவர், சுவர் கட்டிக்கொண்டிருப்பவர், அங்கேயே நின்று ஷெமா சொல்லலாம். அதை விளக்கிப் பின்னால் வந்த தல்மூத் இன்னும் நுணுக்கமாகப் போகிறது: ஒலிவ மரத்திலும் அத்தி மரத்திலும் ஏறி நிற்கும் வேலையாள் அமிதாவையும் மேலேயே சொல்லலாம், தோட்டத்துக்குச் சொந்தக்காரர் மட்டும் கீழே இறங்கியாக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த சட்டம் இது. வேலையாளின் நேரம் இன்னொருவருக்கு விற்றுப்போனது. சொந்தக்காரரை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்?

அமிதா தொடங்கும்போது மூன்று அடி முன்னால் எடுத்து வைப்பார்கள். பாதங்களைச் சேர்த்து, எருசலேமை நோக்கி நிற்பார்கள். மனசு வரும்வரை காத்திருந்தால் நடக்காது என்று, உடம்பை முதலில் அனுப்பிவிடுகிறார்கள் போலும்.

இத்தனை ஒழுங்கு வைத்தவர்களுக்காவது கவனம் கைகூடியதா? எருசலேம் தல்மூதில் சில ரபிகள் உண்மையைப் போட்டு உடைக்கிறார்கள். ஒருவர் மனதைக் குவிக்கப் பார்த்தாராம். அரசன் முன்னிலையில் எந்த அதிகாரி முதலில் நுழைவார் என்ற யோசனை வந்துவிட்டதாம். சாமுவேல் என்ற பெரிய ரபி பறவைக் குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தாராம். மற்றொருவர் எண்ணியது செங்கல் வரிசைகளை. மத்தனியா என்பவர், என் தலைக்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்கிறார். அமிதாவில் நன்றி கூறும் பகுதி வந்ததும் அது தானாகக் குனிந்துகொள்கிறதாம்.

இப்போது எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கை சொல்வோம். ஆண்டவர் மனிதரானதைச் சொல்லும் இடத்தில் தலை வணங்குவோம். தலையாவது முதலில் போய்ச் சேரட்டும்.