நாடி பார்த்த கை

(ஓய்வுபெற்ற மூத்த செவிலியர் ஒருவரின் முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலியில் பங்குத்தந்தை ஆற்றிய மறையுரை. பேச்சு நடையிலேயே தரப்படுகிறது.)

உட்காருங்க, உட்காருங்க. பின்னாடி தூணோட தூணா நிக்கிறவங்களும் முன்னாடி வாங்க. நம்ம ஊர்க் கோயில்ல முன் பெஞ்சு மட்டும் எப்பவும் காலிதான், அது என்ன பயமோ!

பாட்டியம்மாவைப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்க சாமின்னு மகன் கேட்டார். நாலு வார்த்தையோட நிறுத்துற பழக்கம் எனக்குக் கிடையாது, அது உங்களுக்கே தெரியும்.

நற்செய்தி கேட்டீங்க. மாற்கு முதல் அதிகாரம், பேதுருவோட மாமியார். வாசகத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். பாவம், அந்தம்மாவுக்கு விவிலியத்துல பேர்கூட இல்லை. மாமியாருக்குக் காய்ச்சல்னு மருமகன் வீட்டுல ஆண்டவர்கிட்ட சொல்றாங்க பாருங்க, அதுவே ஒரு புதுமை! (சிரிப்பு) சிரிக்கிறீங்க. இதே மருமகன்தான் பிற்பாடு திருத்தந்தை ஆனார், ஞாபகம் வச்சுக்கங்க.

இந்தக் கதையை மூணு பேர் எழுதியிருக்காங்க. லூக்கா எப்படி எழுதுறார்? கடுமையான காய்ச்சல், ஆண்டவர் அதை அதட்டினார், அது போச்சு. லூக்கா யாரு? மருத்துவர். கொலோசையர் நாலாம் அதிகாரத்துல பவுலடியார் சொல்றார்ல? அவர் கண்ணு நோய் மேல. மத்தேயுவும் மாற்கும் என்ன சொல்றாங்க? கை! ஆண்டவர் கையைத் தொட்டார், கையைப் பிடிச்சுத் தூக்கிவிட்டார். அப்புறம்தான் காய்ச்சல் போகுது. டாக்டர் எழுதினா காய்ச்சல் தெரியுது, மத்தவங்க எழுதினா கை தெரியுது. இங்கே டாக்டருங்க யாராவது இருந்தா கோவிச்சுக்காதீங்க, நாளைக்கு நான் உங்ககிட்டதான் வரணும்.

நம்ம பாட்டியம்மா வேலைக்குச் சேர்ந்த காலம் வேற. கண்ணாடி சிரிஞ்சு. ஒருத்தருக்குப் போட்டதைக் கழுவி, கொதிக்க வச்சு, அடுத்தவருக்குப் போடணும். ஊசி மழுங்கினா கல்லுல தீட்டுவாங்களாம். வெள்ளைச் சட்டையில தலைகீழாக் குத்தின கடிகாரம் ஒண்ணு இருக்கும், குனிஞ்சு பார்த்தா அவங்களுக்கு நேராத் தெரியும். அதைப் பார்த்துத்தான் நாடி எண்ணுவாங்க.

இப்ப ஒரு விஷயம் சொல்றேன், அவங்களே என்கிட்டச் சொன்னது. நாடியைப் பதினஞ்சு செகண்டு எண்ணி நாலால பெருக்கிடலாம். துடிப்பு சீரா இருந்தா கணக்கு சரியா வரும், தப்பில்லை. அவசரத்துல எல்லாரும் செய்யறதுதான். பாட்டியம்மா மட்டும் விடமாட்டாங்க. பயிற்சிக்கு வர்ற பொண்ணுங்களை முழு நிமிஷமும் பிடிக்கச் சொல்லுவாங்க. ஏன்னு ஒரு பொண்ணு கேட்டிருக்கு. “இன்னைக்கு முழுக்க இந்த ஆளு கையை வேற யாரும் பிடிக்கப்போறதில்லடி. ஒரு நிமிஷமாவது நீ பிடி.” அவ்வளவுதான் பதில்.

கேட்டீங்களா? ஒரு நிமிஷம். மறுபடி சொல்றேன், ஒரு நிமிஷம்!

நாம ஆஸ்பத்திரிக்குப் போறோம். ஆப்பிள் வாங்கிட்டுப் போறோம், ஹார்லிக்ஸ் வாங்கிட்டுப் போறோம். நோயாளிக்குச் சர்க்கரை வியாதி, அதைப் பத்தி நமக்கென்ன! போய் நின்னுக்கிட்டு, “எங்க பெரியப்பாவுக்கும் இதேதான் வந்துச்சு, மூணு மாசம்கூடத் தாங்கல”ன்னு ஆறுதல் சொல்றோம். அப்புறம் செல்போனை எடுத்துக்கிட்டு ஸ்டூல்ல உட்கார்ந்துடறோம். அப்பா கை கட்டில் மேல சும்மா கிடக்குது. பிடிக்கிறீங்களா? நான் வார்டுக்கு வர்றேன், பார்க்கிறேன், எனக்குத் தெரியும். எனக்குக்கூட அந்தப் போன்லதான் வணக்கம் வருது!

சரி, திட்டினது போதும்.

புனித கமில்லஸ் தெரியுமா? ஜூலை 14 திருவிழா. 1550-ல இத்தாலியில பிறந்தவர். படைவீரர், சரியான சூதாடி. நேப்பிள்ஸ் நகரத்துல போட்டிருந்த சட்டையையும் வச்சு ஆடித் தோத்தவர். நம்ம ஊர்ல ஆன்லைன் ரம்மி ஆடுற தம்பிங்களுக்குச் சொல்றேன், நம்பிக்கை இருக்கு, ஆனா முதல்ல நிறுத்துங்க. அவருக்குக் கால்ல ஆறவே ஆறாத புண். வைத்தியத்துக்கு ரோமாபுரி ஆஸ்பத்திரிக்குப் போனார், அங்கேயே வேலையும் பார்த்தார், சூதாட்டத்தால வெளியே அனுப்பினாங்க. மனம் திரும்பி அதே ஆஸ்பத்திரிக்கு வந்து, நோயாளிங்களுக்கே வாழ்க்கையைக் கொடுத்தார். அவர் சபைக்கு 1586-ல அங்கீகாரம் கிடைச்சது. அங்கியில சிவப்புச் சிலுவை. கையால செய்யற வேலையில நெஞ்சும் சேரணும்னு சகோதரர்களை விரட்டிக்கிட்டே இருந்தவர். 1930-ல திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் இவரைச் செவிலியர்களுக்குப் பாதுகாவலரா அறிவிச்சார். எங்கே சுத்தினாலும் கையிலதான் வந்து நிக்குது, பார்த்தீங்களா?

துறவறம் போனாத்தான் புனிதம்னு நினைக்காதீங்க. போலந்து நாட்டுல ஹன்னா ஷனோவ்ஸ்கா, பொதுநிலையினர், நர்ஸ். படுத்த படுக்கையாக் கிடந்தவங்களைத் தேடி வீடு வீடாப் போக, பங்குதோறும் செவிலியர் சேவையை ஏற்படுத்தினவங்க. 1973-ல இறந்தப்ப அடக்கத் திருப்பலி நிறைவேத்தினது யாரு? கர்தினால் வொய்த்திவா. நம்ம இரண்டாம் யோவான் பவுல்! 2018-ல அவங்க அருளாளர் ஆயிட்டாங்க.

பாட்டியம்மா அவ்வளவு தூரம் போவாங்களான்னு எனக்குத் தெரியாது. பேரப்பிள்ளைங்க வேற மாதிரி சாட்சி சொல்றாங்க. சாயங்காலம் செபமாலைக்கு முன்னாடி எல்லார் நகத்தையும் பார்ப்பாங்களாம். அழுக்கு இருந்தா, முதல்ல சோப்பு, அப்புறம்தான் அருள்நிறை மரியே. திமொத்தேயுவுக்கு லோயி பாட்டி, இந்தப் பிள்ளைங்களுக்கு லைஃப்பாய் பாட்டி! (சிரிப்பு) ஆனா ஒண்ணு, பவுலடியார் அந்தப் பாட்டி பேரைச் சொல்லித்தான் திமொத்தேயுவோட நம்பிக்கையைப் பாராட்டுறார். உங்க பிள்ளைங்க நம்பிக்கையை யார் பேரைச் சொல்லிப் பாராட்டுறது?

பக்தி இல்லாமலா? பனிமய மாதா மேல உயிர். ஆனா ஆகஸ்ட் 5 திருவிழா அன்னைக்கு மாத்திவிட ஆள் வரலைன்னா வார்டை விட்டு நகரமாட்டாங்க. மாதா கோவிச்சுக்க மாட்டாளான்னு கேட்டா, “அவளும் எலிசபெத்து வீட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போனவதானே சாமி!” இறையியல் படிச்ச எனக்கு இது தோணலையே!

கடைசியில அவங்களே படுத்துட்டாங்க. மருமகளும் பேத்தியும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வச்சாங்க, முதுகுல ஒரு புண் இல்லை. யார் சொல்லிக்கொடுத்தது? படுத்திருந்தவங்களேதான். துணி சுருக்கம் இல்லாம விரிக்கலைன்னு படுக்கையில இருந்துக்கிட்டே திட்டு வேற. நான் நோயில்பூசுதல் கொடுக்கப் போனேன். நெத்தியில பூசிட்டுக் கையில பூசணும். கையைப் பிடிச்சேன். அவங்க விரல் தன்னால என் மணிக்கட்டுக்கு வந்துடுச்சு. நான் செபம் சொல்றேன், அவங்க எண்ணுறாங்க! முடிச்சுட்டு நிமிர்ந்தா, “சாமி, உங்களுக்குக் கொஞ்சம் வேகமா ஓடுது, பிரஷர் பாருங்க.”

பார்த்தேன். இருந்தது. இப்ப மாத்திரை சாப்பிடுறேன்.

நேரம் ஆயிடுச்சு, கோயில்பிள்ளை முறைக்கிறார். மன்றாட்டுக்கு எழுந்து நிப்போம். வாசிக்கிற பேரப்பிள்ளைங்க முன்னாடி வாங்க. மைக்கைத் தட்டிப் பார்க்காதீங்க, அது நல்லாத்தான் இருக்கு.